போத்தலில் ஒட்டிய முகம்

இங்கே ஈஸ்ட் வாங்கினால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. வேல்ஸில் நான் வேலை செய்யும் இந்தச் சின்ன ஊரின் கடைத்தெருவில், வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கென்றே ஒரு கடை இருக்கிறது. ஈஸ்ட் பாக்கெட்டுகளைப் பூவிதைப் பாக்கெட்டுகள் மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். முதல் தடவை நான் ஒன்றை எடுத்துக்கொண்டு போனபோது, "ரெண்டா வாங்கினா மலிவு" என்றார் கடைக்காரர். பாக்கெட்டைக் கைப்பையின் அடியில், குடைக்குக் கீழே திணித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பாலத்தைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது, பற்றுச்சீட்டுகூடக் கையில் இருக்கிறது, நான் ஏன் திருடி மாதிரி போகிறேன் என்று.

இலங்கைத் தேயிலை மலையில், டிக்கோயாவில், எங்கள் அம்மா ஈஸ்ட் வாங்குவது அப்படித்தான். ஒரே கடையில் நிறைய வாங்கினால் "எந்த பேக்கரிக்கு?" என்று கேட்பார்கள். அதனால் ஹட்டனில் கொஞ்சம், டிக்கோயாவில் கொஞ்சம், சொந்தக்காரர் வீட்டுக்கு நோட்டன் பிரிட்ஜ் போனால் அங்கே கொஞ்சம். அம்மாவுக்கு பேக்கரி இல்லை. கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சினார். அப்பா செத்தபோது எனக்கு ஏழு வயது, தங்கச்சி கைக்குழந்தை. பகலில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மானாப் புல்லுக்குள் குழி வெட்டி இறக்கியிருந்த நீலப் பீப்பாயைப் பார்க்கப் போவார். சீனியும் தண்ணீரும் ஈஸ்ட்டும் புளித்துக்கொண்டிருக்கும் அந்தக் கலவைக்கு எங்கள் பக்கம் கோடா என்று பெயர். அதைக் காய்ச்சி வடித்தால் கசிப்பு. என் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, கொப்பி, சப்பாத்து எல்லாம் அந்தப் பீப்பாயிலிருந்து வந்தவை. இதை நான் இங்கே எழுதும்வரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். போன கிறிஸ்மஸுக்கு வேலையாட்கள் சீட்டுக் குலுக்கி ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்தோம். என் பெயர் லிண்டாவிடம் போயிருக்கிறது. ஐம்பது தாண்டியவள், வாய் ஓயாதவள், என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவள். அவள் எனக்குக் கொடுத்தது வீட்டில் பியர் செய்யும் ஒரு சின்னப் பெட்டி. ஐந்து லீட்டர் பிடிக்கும் கண்ணாடி ஜாடி, ரப்பர் அடைப்பான், அதில் செருகித் தண்ணீர் ஊற்ற ஒரு வளைந்த குழாய், முளைகட்டிய பார்லியில் எடுத்த மோல்ட் சாறு, ஒரு பாக்கெட் ஈஸ்ட். நான் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டேன். "பயப்படாதே லவ், சுலபம்தான்" என்றாள் லிண்டா. எனக்குச் சுலபம் என்று தெரியும். பயம் வேறு.

அவளே வந்து காட்டிக் கொடுத்தாள். புதிதாகச் செய்ய நினைக்கிறவர்களுக்காக அவள் சொன்னதைச் சொல்கிறேன். முதலாவது சுத்தம், இரண்டாவதும் சுத்தம். ஜாடி, கரண்டி, குழாய், கை எல்லாவற்றையும் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்டதும் உள்ளே புகுந்து கெடுத்துவிடும். ஈஸ்ட் உயிருள்ளது. சூட்டில் போட்டால் செத்துப்போகும், குளிரில் போட்டால் தூங்கிவிடும். காய்ச்சிய சாறு, கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் தூவ வேண்டும். அது சீனியைத் தின்று சாராயத்தையும் வாயுவையும் விடும். ஒரு நாளில் மேலே நுரை கட்டும், வளைந்த குழாயின் தண்ணீருக்குள்ளால் குமிழி வெளியேறும். அதற்குப் பிறகு நம் வேலை சும்மா இருப்பது. "அதுதான் யாராலும் முடியாதது" என்று சிரித்தாள்.

என்னாலும் முடியவில்லை. அவள் போன பிறகு ஜாடியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. இங்கு வரும்போது, "குளிர் நாட்டுக்குப் போற, வச்சுக்க" என்று அம்மா, கொழுந்து பறிக்கும்போது தலையில் போடும் தன் கம்பளிகளில் ஒன்றை மடித்துக் கொடுத்திருந்தார். அதை எடுத்து ஜாடியைச் சுற்றி, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். எங்கள் மலைக் குளிரில் கோடா பொங்காது, அம்மா பீப்பாயை அப்படித்தான் போர்த்தி வைப்பார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். மூன்று வாரம் கழித்து லிண்டா ஒரு வாய் குடித்துவிட்டுச் சிங்க்கில் துப்பினாள். நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் மாதிரி நாறியது. புளிக்கும்போது ஈஸ்ட் தானாகவே சூடு கிளப்பும், நாம் வெளியிலிருந்தும் சூடு கொடுத்தால் அது தறிகெட்டுப் போகும், குடித்தவனுக்குத் தலை பிளக்கும் என்றாள். பியருக்குப் பதினெட்டு, இருபது பாகை போதும், அது ஏறாமல் இறங்காமல் இருப்பதுதான் முக்கியம்.

"போர்த்தச் சொல்லி உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"என் அம்மா" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

லிண்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. "உன் அம்மா பியர் காய்ச்சுவாரா? எவ்வளவு அழகு!" அடுத்த நாள் இல்லம் முழுக்கச் சொல்லியிருந்தாள். தொண்ணூறு வயது நோயாளி ஒருவர் என் கையைப் பிடித்து, "நல்ல குடும்பம்" என்றார். நான் திருத்தவில்லை. எப்படித் திருத்துவது? லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த லெட்சுமி அக்காவின் புருஷன், சம்பள நாளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார் என்றா? ஒரு மழை நாளில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து செத்துக் கிடந்தார், அன்றைக்கு அவர் குடித்தது எங்கள் அம்மாவின் கையால் ஊற்றியது என்றா? லெட்சுமி அக்கா, தண்ணீர் பிடிக்கிற பீலிக் கரையில் எல்லோர் முன்னாலும் ஒரு கை மண்ணை அள்ளி அம்மாவின் குடத்துக்குள் போட்டார். அம்மா அந்தத் தண்ணீரைக் கொட்டவில்லை, வீட்டுக்குச் சுமந்துகொண்டு வந்தார்.

அந்த மாதமே பொலிஸ் வந்தது. குழியிலிருந்து பீப்பாயைத் தூக்கி, அம்மாவை அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். "கெலின் இன்ன" என்றார் ஒருவர் சிங்களத்தில், நேராக நில் என்று. அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடப் பார்த்தார், அதை விலக்கிவிட்டுப் படம் பிடித்தார்கள். பதினான்கு நாள் உள்ளே இருந்தார். படம் பேப்பரில் வந்தது. பிறகு ஒரு நாள் டிக்கோயாக் கடையில் அதே பேப்பரில் பருப்புச் சுற்றிக் கொடுத்தார்கள். அம்மா பருப்பைச் சட்டியில் கொட்டிவிட்டுப் பேப்பரை அடுப்பில் வைத்தார். அதோடு சரி. அவர் மறுபடி காய்ச்சவில்லை, நாங்களும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இரண்டாவது ஜாடி நன்றாக வந்தது. கம்பளி இல்லை, ஹீட்டர் இல்லை, படிக்கட்டுக்குக் கீழே இருட்டில் இரண்டு வாரம். பங்குனியில் ஊர் மண்டபத்தில் வீட்டு பியர்களுக்கு ஒரு சின்னப் போட்டி வைத்தார்கள். போத்தலுக்கு லேபல் வேண்டும், அம்மாவின் படம் ஒன்று கொடு என்றாள் லிண்டா. என் போனில் இருந்தது, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கூடையோடு, தங்கச்சி எடுத்தபோது சிரித்தது. மாரியாயி என்ற பெயர் லிண்டாவின் வாயில் நுழையவில்லை. 'மேரிஸ் ஏல்', மேரியின் பியர், என்று அடித்து, அம்மாவின் முகத்தைப் பத்துப் போத்தலிலும் ஒட்டினாள். மூன்றாம் பரிசு கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் போத்தலைத் தூக்கி, முகத்தைப் பார்த்து, "சியர்ஸ் மேரி" என்றார்கள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். அம்மாவை ஒருநாளாவது யாராவது கொண்டாடுகிறார்களே என்று நினைத்தேன். அந்த நினைப்பில் போத்தலைப் படம் பிடித்துத் தங்கச்சிக்கு அனுப்பிவிட்டேன். வாயைத்தான் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை என்றால், கையையுமா?

தங்கச்சி விபரம் புரியாமல் அதை நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறாள். பொலிஸ் வந்தபோது அவளுக்கு மூன்று வயது. மறுநாள் பெரட்டுக்குள், காலை வேலை பிரிக்கிற இடத்தில் வைத்து ஒருத்தி, "மாரியாயி வெளிநாட்டுலயும் கடை போட்டுட்டா போல" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். லெட்சுமி அக்கா மட்டும் சிரிக்கவில்லை, போனை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார் என்றாள் தங்கச்சி. அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவேன், தங்கச்சிதான் பேசுவாள். "அம்மா பக்கத்துலதான் இருக்காங்க அக்கா. வேணாங்குறாங்க." இப்படிப் பதினொரு ஞாயிறு.

நான் ஒன்பது போத்தல்களைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டேன். பசை இளகி அம்மாவின் முகம் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. அதைக் கையில் எடுக்கும்போது எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. பத்தாவது லிண்டாவின் சமையலறை அலமாரித் தட்டில் இருக்கிறது. திருப்பிக் கேட்டேன். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. "ஆனால் இவர் இங்கே சந்தோஷமாக இருக்கிறாரே" என்றாள்.

போன ஞாயிறு போனை ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் இருந்த புது ஜாடியின் மேல் சாய்த்து வைத்திருந்தேன். தங்கச்சியின் குரல் நின்று, பின்னால் ஏதோ அசைந்தது.

"அந்தப் போத்தல்ல ஒட்டுன மூஞ்சியெல்லாம் கிழிச்சிட்டியா?"

அம்மாதான். "கிழிச்சிட்டேன்ம்மா" என்றேன். பத்தாவதைச் சொல்லவில்லை.

"சோத்துக்கு வழியில்லாமச் செஞ்சேன். நீ எதுக்குச் செய்ற?"

ஜாடியின் குழாயில் குமிழி ஒன்று வெடித்தது, பிறகு இன்னொன்று. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பீப்பாயின் மூடியில் காதை வைத்து அப்படித்தான் கேட்பார். நான் பக்கத்தில் குந்தியிருப்பேன், பேசக்கூடாது.

"இன்னும் அடங்கல" என்றார் அம்மா. "சத்தம் நிக்கிறதுக்கு முன்னுக்கு போத்தல்ல அடைச்சிறாத. வெடிச்சிரும்."

போன் தங்கச்சியின் கைக்குப் போய்விட்டது. இப்போதெல்லாம் அம்மா ரோட்டில் இறங்கும்போது வெயில் அடித்தாலும் கம்பளியை முகம் வரைக்கும் இழுத்து விட்டுக்கொள்கிறார் என்றாள். லிண்டாவின் அலமாரித் தட்டில் அதே கம்பளிக்குள் முழு முகமும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் அடைக்கவில்லை.