நான்காம் வரியில் ஓர் அடைப்புக்குறி

என் அக்காவின் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அக்காவுக்காகத்தான் 'அவர்' போட்டு எழுதுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து பதினொரு வருடமாக இசையமைக்கிறார். வாத்தியம் எதுவும் கிடையாது. கணினியில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, சுரத்துக்கு ஓர் எண், தாளத்துக்கு ஒரு சொல், சுற்றிலும் அடைப்புக்குறி என்று வரிவரியாகத் தட்டுவார். தட்டியதைக் கணினி வாசிக்க வேண்டும். பெரும்பாலும் 'பிழை' என்று காட்டிவிட்டுக் கம்மென்று இருக்கும்.

இந்த லட்சணத்தில் ஒருத்தரையும் விட்டுவைக்க மாட்டார். கீபோர்டு வாசிப்பவர்கள் பொம்மை தட்டுகிறவர்கள். மௌஸைப் பிடித்து இசையமைப்பவர்கள் படம் பார்த்துப் பாட்டுப் போடுகிறவர்கள். சரி, இவர் முடித்த பாட்டு எத்தனை? ஒன்றுகூட இல்லை.

"அஸ்திவாரம் முக்கியம் மாப்ளே" என்பார் என்னிடம்.

போன வருடம் அவருடைய கம்பெனி ஆண்டுவிழாவில் இருபது நிமிடம் கொடுத்தார்கள். கறுப்புத் திரையைச் சுவர் உயரத்துக்குக் காட்டி, எல்லார் கண்ணெதிரிலும் தட்டினார். ஆறு நிமிடம் தட்டல் சத்தம் மட்டுமே. பிறகு விரலை உயரத் தூக்கி ஒரு பொத்தானை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். அப்போதும் இல்லை.

"என்னப்பா, கரண்ட் போயிடுச்சா?" என்றார் முன்வரிசையிலிருந்த மேனேஜர். அரங்கமே சிரித்தது.

இவர் மைக்கைப் பிடித்தார். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. காதுக்குப் பயிற்சி வேணும்."

சத்தமே வராததைக் கேட்கக் காதுக்கு என்ன பயிற்சி?

அக்கா அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். கடைசி வரிசையில் என் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"நாலாவது வரியைப் பாருங்க. அடைப்புக்குறி திறந்தே கெடக்கு. ஏழாவதுல கமா ரெண்டு தடவை."

"உனக்கென்ன தெரியும்? உக்காரு."

"பாட்டு தெரியாது. பிழை தெரியும்."

மேனேஜரும் திருத்தச் சொன்ன பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டே திருத்தினார். இசை வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றாகவே இருந்தது. எனக்கு அதுதான் எரிச்சல். ஆனால் நாற்பது விநாடியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. முடிவு என்று ஒன்றை மனுஷர் எழுதவே இல்லை. ஐந்தாவது சுற்றில் மேனேஜர் மேடையேறி நன்றி சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், "நானே கண்டுபிடிச்சிருப்பேன். அவசரப்பட்டுட்டே" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுவாரம் அவர் வேலைக்குப் போயிருந்தபோது, அக்கா அவர் கணினிமுன் உட்கார்ந்து, இருந்த வரிகளைப் பார்த்தே அந்தப் பாட்டுக்கு முடிவாகச் சில வரிகள் எழுதினாள். அவர் வந்து போட்டுக் கேட்டார்.

"ரொம்ப சாதாரணமா இருக்கு."

"முடிஞ்சிருக்குல்ல?"

அவர் அந்த வரிகளை அழித்தார். சம்பளம் வந்ததும் பழைய கணினி ஒன்று வாங்கி உள்ளறையில் போட்டுக்கொண்டாள். இன்றுவரை இரண்டு பாட்டுகளை முடித்திருக்கிறாள். அவரோ, பழைய மென்பொருளில் ஆழம் போதவில்லை என்று வேறொன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

நேற்றுப் போயிருந்தேன். அவர்தான் கதவைத் திறந்தார்.

"உங்கக்கா உள்ள என்னமோ கிறுக்கிட்டிருக்கா" என்றார்.

அவரை ஒதுக்கிவிட்டு நான் உள்ளறைக்குப் போனேன்.