ஒற்றைக் கண்ணும் அக்கியும்

எனக்கு இருப்பது ஒரு கண். இடது கண்ணில் சிறு வயதிலிருந்தே பார்வை கிடையாது. வலது கண்ணை நம்பித்தான் இவ்வளவு காலமும் கடலுக்குப் போய் வந்தேன். நெற்றியின் வலப்பக்கம் எரியத் தொடங்கியதுமே டொக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அந்த நாட்களில் துறைமுக வாயிலில் வலை இழுத்தால் மீனைவிடக் கூழ்போல மிதக்கும் சொறிமுட்டைதான் அதிகம். அதன் நூல் பட்டால் தோலில் வரியாகக் கொப்புளம் போடும். எனக்கும் தலைமயிரிலிருந்து இமை வரை அப்படியே ஒரு வரி. வலை உதறும்போது பட்டிருக்கிறது என்று நானே தீர்ப்புச் சொல்லி, எங்கள் கரையில் எல்லோரும் செய்வதுபோல வினாகிரிக் காடியில் நனைத்த துணியை வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று மனைவி நச்சரித்தாள். சொறிமுட்டை பட்டதற்கு ஆஸ்பத்திரியா, கரையில் சிரிப்பார்கள் என்று அவள் வாயை அடைத்தேன். இமை வீங்கிக் கண் மூடிக்கொண்ட பிறகுதான் போனோம்.

கண் டொக்டர் பார்த்தவுடனேயே அக்கி என்றார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு வந்த கொப்புளிப்பான் அம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போகவேயில்லையாம், நரம்புக்குள் படுத்துக் கிடந்ததாம். உடம்பின் காவல்தான் அதை எழும்பவிடாமல் வைத்திருந்திருக்கிறது. வயதும் இரத்தத்தில் கூடிய சீனி வருத்தமும் சேர்ந்து காவல் தளர, அது நரம்பு வழியே கண்ணுக்கு வந்துவிட்டது. முதலே வந்து குளிசை விழுங்கத் தொடங்கியிருந்தால் என்று சொல்லி, மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார்.

குளிசைக்குக் கிருமி அடங்கியது, கொப்புளங்களும் காய்ந்தன. என் உடம்பின் சண்டைதான் அடங்கவில்லை. கள்ளன் ஓடிய பிறகும் வீட்டுக்காரனை அடிக்கும் காவற்காரன் மாதிரி, அது என் கருவிழியோடு மல்லுக்கட்டி அதை வெள்ளையாக்கிக்கொண்டிருந்தது.

"கிருமி இல்லை ஐயா, உங்கட உடம்புதான் இப்ப கண்ணைக் கெடுக்குது," என்றார் டொக்டர்.

அந்தச் சண்டையைத் தணிக்கத்தான் துளி மருந்து தந்தார். கடலோடு கோபிக்கலாம், டொக்டரோடு கோபிக்கலாம். என் சொந்த இரத்தத்தோடு எப்படிக் கோபிப்பது? மாதா கோவிலில் வெட்கம் பாராமல் அழுதேன். இந்தக் கண்ணும் போனால் எனக்கு உயிர் வேண்டாம் என்று மனைவியிடம் கத்தினேன். அவள் என் தலையைப் பிடித்து மருந்தை விட்டாள்.

இன்று காலை கண்ணைத் திறந்தபோது வெளிச்சம் தெரிந்தது. குசினியில் சமைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்து அவளைச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"இஞ்சதானே நிக்கிறன்," என்றாள்.

குரல் என் முகத்துக்கு நேரே கேட்டது; எனக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டும்.