முள் தொடாத சிவப்பு

பள்ளியின் ஒலிப்பதிவுக் கருவிக்குப் பொறுப்பேற்றவர்கள் அறிவார்கள்: "பேசாதீர்கள்" என்று நாம் சொல்லிச் சொல்லியே, நாளடைவில் நம்முடன் பேசுவோர் குறைந்துவிடுவார்கள்.

தலைமையாசிரியர் முழக்கம்

அறுபதுகளில், கடலூரில் நான் தமிழாசிரியையாக இருந்த பள்ளிக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது; அதன் பொறுப்பு எனக்கு. ஒலி மிகுந்தால் அதன் அளவுமுள் சிவப்புக் கோட்டைத் தாண்டும். தாண்டினால் குரல் சிதையும். ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் முழங்க, முள் சிவப்பிலேயே நின்றது. மறுநாள் ஆசிரியர் அறையில் பதிவைக் கேட்டவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, நான் பேசுனனா, கல்லு ஒடைச்சனா?"

ஜமீலாவின் கடிதம்

இனி முள் சிவப்பை நெருங்கவே கூடாதென்று அன்றே உறுதிபூண்டேன். கணக்காசிரியை ஜமீலாவுக்குச் சொந்த ஊர் கிள்ளை. சிதம்பரத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கி, நாள்தோறும் ரயிலில் உடன்வருபவள். மணமாகிப் பினாங்குக்குப் புறப்படுமுன் அவள் குரலைப் பதிந்துவைக்க விரும்பினேன். "கொஞ்சம் சவுண்டு ஏத்தேன், தமிழு" என்றாள். நான் இசையவில்லை. "சரி, நீ வெளிய நில்லு. உன் மூஞ்சியப் பாத்தா பேச்சு வராது" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சென்றபின் தனியறையில் கேட்டேன். இரைச்சலுக்கு அடியில் ஏதோ முனகல். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. என் பதிவு தவறியதென்று எழுத மனம் ஒப்பவில்லை. நலம் விசாரித்து மட்டும் எழுதினேன். அவளிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் இருந்தது ஒரே வரி.

"டேப்புல கேட்டதுக்கு இன்னும் பதிலே காணோமே, கோவமா?"

கடலூர் செம்மண்டலத்து ஒலிக்கூடம்

அண்மையில் அந்த நாடாவை எண்ணியல் வடிவுக்கு மாற்றக் கொடுத்தேன். ஒலிக்கூட உரிமையாளர் செல்வம் முதலில் எட்டு பிட்டில் எடுத்தார். இரைச்சலின்மேல் மணலையும் கொட்டினாற்போல் இருந்தது. "எட்டு பிட்னா எரநூத்தம்பத்தாறு படிதான், டீச்சர். இவுங்க அடிப் படியிலயே நின்னு பேசுறாங்க" என்றார். சென்டிமீட்டர் கோடு மட்டுமுள்ள அளவுகோலால் நூலின் தடிமனை அளப்பது போன்றதென்று விளங்கிற்று. படிகள் பன்மடங்கு நுணுக்கமான இருபத்துநான்கு பிட்டில் மீண்டும் எடுத்து, இரைச்சலைச் சலித்து, ஒலியை உயர்த்தினார். ஜமீலா பேசினாள்.

"நீயும் வந்துடேன், தமிழு. அங்க பள்ளிக்கூடத்துல டீச்சர் வேணுமாம், எங்க மச்சான் பாத்துத் தருவாங்க. வர்றியா?"

அந்தப் பதிவில் முள் ஒருமுறைகூடச் சிவப்பைத் தொடவில்லை என்பதை மட்டும் நான் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.