மஞ்சள் தொட்டியும் கேன்டீன் ஸ்பூனும்

ஒரகடத்தில் வண்டிகளின் அலுமினிய உதிரி பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் பரிசோதனைக் கூடம் என் பொறுப்பு. வேலையை விளக்கிச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். நல்ல பெயின்ட்டைக் கத்தியால் கீறி, உப்புத் தண்ணீர்ப் புகை அடிக்கும் பெட்டிக்குள் வைத்து, கெட்டுப்போகிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம்.

பெயின்ட்டுக்கு முன்னால் பாகங்களை மஞ்சள் தொட்டியில் முக்குவோம். அதிலிருக்கும் குரோமியம் உலோகத்தில் அரிப்பை அண்டவிடாது. முக்குகிறவர்களையும் சும்மா விடாது. அந்தத் தொட்டியருகே நின்ற சேரப்பணஞ்சேரிப் பெண்ணுக்குக் கையுறையையும் மீறி விரலெல்லாம் வெடித்திருந்தது. குழம்பு பட்டால் எரியும் என்று கேன்டீனில் ஸ்பூனால்தான் சாப்பிடுவாள். "தொரசானி வந்துட்டாங்கடா" என்று லைன் பையன்கள் கிண்டல் செய்வார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒருநாள் தட்டோடு எழுந்து போய்த் திட்டிவிட்டு வந்தேன்.

பிறகு குரோமியம் இல்லாத புது மருந்து வந்தது. பூச்சில் கீறல் விழுந்தால் தானே அங்கே கசிந்து போய் அரிப்பைத் தடுக்குமாம். என் சோதனையில் தேறினால் மஞ்சள் தொட்டியை எடுத்துவிடலாம் என்றார் மேனேஜர். தேறாவிட்டால் பழையபடிதான்.

தகட்டில் கீறும்போது, கத்தியை லேசாகப் பிடி என்றது மனசு. நான் கேட்கவில்லை. அலுமினியம் பளிச்சென்று தெரியும்வரை அழுத்தினேன். இங்கே பொய்யாகத் தேறி, வண்டியில் போய்ப் பெயின்ட் புடைத்துக்கொண்டால், மறுநாளே மஞ்சள் தொட்டி திரும்பி வந்துவிடும்.

தகடு உப்புப் புகைப் பெட்டிக்குள் போனதிலிருந்து, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறுமுன் தினமும் அவள் வந்து நிற்பாள்.

"இன்னாக்கா ஆச்சு? கொஞ்சம் தொறந்து காட்டேன்."

"சும்மா சும்மா தொறந்தா டெஸ்டே கெட்டுடும்டி. பஸ் போய்டப்போவுது, ஓடு."

சோதனைக் கெடு முடிந்த அன்று பெட்டியை அவளையே திறக்கச் சொன்னேன். தகட்டைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தோம். கீறலில் அரிப்பின் வெள்ளைப் பொடி பூக்கவில்லை, ஓரங்களில் கொப்புளமும் இல்லை.

"இன்னாக்கா, ஒண்ணுமே ஆகலியே" என்றாள் முகம் வாடி.

"ஆகக் கூடாதுடி லூசு! தேறிடுச்சு!" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். அழுதது நான்தான்.

தொட்டியை எடுத்துச் சில மாதம் கழிந்து, கேன்டீனில் மீன் குழம்பு. எதிரே உட்கார்ந்தவள் ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

"எரியுதாடி?"

வாய் நிறையச் சோறு. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். எழுந்து போய் இன்னொரு கரண்டி குழம்பு வாங்கி வந்து அவள் தட்டில் ஊற்றினேன்.