அந்துவான் சுவருக்குள் வைத்தது

செவ்வாய்க்கிழமை காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது கலியன் போன் செய்தார். "டீச்சர், நம்ம மேஸ்திரி போயிட்டாரு. விடிஞ்சதும் நெஞ்சு வலிக்குதுன்னாரு. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி." கலியன், மேஸ்திரி அந்துவானிடம் பல வருடம் வேலை பார்த்தவர். அறையிலிருந்து என் கணவர் யாரென்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடையில் தானாகவே குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தார். "நானும் வரேன்," என்றார்.

அந்துவானை உங்களில் பலர் 'பிரான்ஸ் மேஸ்திரி' என்றுதான் அறிந்திருப்பீர்கள். அங்கே இருபது வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு எங்கள் ஊர் உப்பளம் பகுதிக்குத் திரும்பி வந்தவர். அவர் கட்டும் வீட்டுக்கு மரத்தூணும் இல்லை, செங்கல்லும் இல்லை. துத்தநாகம் பூசிய மெல்லிய எஃகுச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, திருகாணியால் பூட்டி, இரண்டு பக்கமும் போர்டு அடித்து மூடுவார். நிற்கிற சட்டத்தை அவர் பிரெஞ்சில் 'மொந்தான்' என்பார். கலியனும் மற்றவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் மாமனார் கட்டிய வீடு முழுக்க மரம். தூண், உத்தரம், கைமரம் எல்லாவற்றையும் கரையான் தின்றுகொண்டிருந்தது. அதைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைத்தோம். பக்கத்து வீட்டுச் சுவர் வேறு சாய்ந்து நின்றதால், ஆழமாக அஸ்திவாரம் தோண்டக் கூடாது, பாரமில்லாத வீடாகக் கட்டுங்கள் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். அப்போதும் நான் மரத்தூண்தான் வேண்டுமென்று நின்றேன். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைத்த கணக்கு டீச்சர் நான், சொன்னதை மாற்றிப் பழக்கமில்லை. அந்துவான் வாதாடவில்லை. கழற்றிப் போட்டிருந்த உத்தரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. "இதுக்கு மேல நான் என்னா சொல்றது டீச்சர்?" என்றார். வாசக்கால் மட்டும் தேக்கு என்று முடிவானது. அதை நிறுத்திய நாளில், கழுத்தில் சிலுவை தொங்க அவரே மஞ்சள் குழைத்துக் கொடுத்தார்.

வேலையில் பொல்லாதவர். ஒருநாள் யாரோ அவசரத்துக்கு மெஷினை வைத்து ஒரு சட்டத்தை அறுத்துவிட்டார்கள். அறுத்த இடம் கருகியிருந்தது. நிறுத்தி முடித்த சட்டத்தைக் கழற்றச் சொல்லி, கையால் கத்தரித்த வேறொன்றை மாட்ட வைத்தார். பூச்சு கருகினால் அங்கே துருப்பிடிக்குமாம். உள்ளே மூடத்தானே போகிறீர்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். "உப்புக் காத்து பாக்கும் டீச்சர். அதுக்கு லீவு கெடையாது."

போர்டு அடிப்பதற்கு முன்னால் ஒரு சுண்ணக்கட்டியோடு வந்து நின்றார். எந்தெந்தச் சுவரில் என்னென்ன தொங்கும் என்று கேட்டார். வெறும் போர்டு பாரம் தாங்காது, பாரம் வருகிற இடத்தில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே முன்கூட்டியே இரும்புத் தகடு வைத்துவிட வேண்டும். டிவி, சமையல் அலமாரி, சாமி மாடம் என்று ஒப்பித்தேன். எல்லாவற்றுக்கும் நேராகத் தரையில் குறி போட்டார். பிறகு படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் நடையில் என் கணவரை நிற்கச் சொல்லி, கை பிடிக்க வசதியான உயரத்தை அளந்துகொண்டு, இரண்டு பக்கமும் தரையில் குறி போட்டார்.

"இங்க என்ன தொங்கப் போவுது?" என்றேன்.

"வயசான காலத்துல புடிச்சிகினு நடக்க ஒரு கம்பி வேணும்ல டீச்சர்."

எனக்கு வந்ததே கோபம். என் கணவர் தினமும் பீச் ரோட்டை இரண்டு முறை சுற்றி வருகிற மனிதர். "புது வீட்ல எடுத்த உடனே நோயாளிக்கு எடமா? வாயக் கழுவுங்க!" என்று கத்தினேன். சொன்னதோடு விடாமல் அந்தக் குறிகளை என் காலாலேயே தேய்த்து அழித்தேன். "சரி டீச்சர்," என்றார் அந்துவான். அடுத்த வாரம் சுவர் மூடியாகிவிட்டது.

குடிபோன மூன்றாம் வருடம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நடையில் ஒரு கம்பி வைக்கச் சொன்னார்கள். அந்துவானைக் கூப்பிட எனக்கு முகமில்லை. கடைத்தெருவிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து ஓட்டை போட்டு மாட்டினேன். முதல் நாளே கம்பி போர்டைப் பெயர்த்துக்கொண்டு என் கணவர் கையோடு வந்துவிட்டது. நான் இடுப்பைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். அன்றோடு எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டார். எல்லாம் படுக்கையிலேயே. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "என்ன விட்டுடு," என்பார். எட்டு நாள் பார்த்தேன். மானம் போனால் போகிறதென்று அந்துவானுக்குப் போன் செய்தேன்.

அன்று மத்தியானமே வந்தார். பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துச் சுவரில் நகர்த்திக்கொண்டே போனார். பெயர்ந்த ஓட்டைக்கு ஒரு சாண் கீழே பட்டென்று ஒட்டியது. பக்கவாட்டில் இழுத்தார், ஒட்டிக்கொண்டே போனது. எதிர்ச் சுவரிலும் அப்படியே. மொந்தான் என்றால் இரண்டு விரல் அகலம்தான், இது நடை முழுக்க நீளமாக ஓடியது.

"நான்தான் அழிச்சிட்டேனே!" என்றேன்.

"தரையிலதான அழிச்சீங்க? தேவப்படக் கூடாதுன்னு வேண்டிகினுதான் சொல்லாம வெச்சேன். ஒத்தக் கையால நடக்கறவங்களுக்குப் போவ ஒரு சுவரு, வர ஒரு சுவரு வேணும் டீச்சர்."

நான் அவர் முன்னாலேயே அழுதேன். அவர் பார்க்காத மாதிரி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கம்பியை மாட்டியதும் அவரே அதைப் பிடித்து, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு தொங்கினார். நல்ல கனமான உடம்பு. கம்பி அசையவில்லை. "சார், என்னையே தாங்குது. நீங்க எம்மாத்திரம்?" என்றார். கட்டிலிலிருந்து என் கணவர் சிரித்தார். மறுநாள் நான்கு அடி நடந்தார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை என் கணவர் உப்பளம் கல்லறை வரைக்கும் வந்து, கைத்தடியோடு கடைசி வரை நின்றார். உட்காரச் சொன்ன கலியனிடம் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் அந்துவானிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கம்பி மாட்டிய அன்று அந்துவான் மறந்துவிட்டுப் போன காந்தம் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று அதை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுவர்களைத் தடவிப் பார்த்தேன். டிவிக்குப் பின்னால், அலமாரிக்குப் பின்னால், சாமி மாடத்தில், நான் சொன்ன இடத்திலெல்லாம் ஒட்டியது. கடைசியாகப் பின்பக்கக் கதவு. பாத்திரம் துலக்க நான் தினமும் இறங்குகிற இரண்டு படி அங்கே இருக்கிறது. கதவோரச் சுவரிலும் ஒட்டியது. இழுத்துப் பார்த்தேன், ஒரு முழம் அகலம். அங்கே எதுவும் தொங்கவிட நான் சொன்னதில்லை. அது என் கணவரின் உயரமும் இல்லை. கையை நீட்டினேன். என் கைக்குச் சரியாக இருந்தது.

சுண்ணக்கட்டி எடுத்து வந்து அந்த இடத்தில் குறி போட்டேன். இதை அழிக்க மாட்டேன்.