மிஞ்சிய காய்

காளியப்பன் வடையைப் பிட்டால் இரண்டு பாதியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார். பெரிய பாதியின் ஓரத்தைக் கடித்துச் சமன் செய்த பிறகுதான் எதிரே இருப்பவருக்குக் கொடுப்பார். கூலாய் ஊர்க் காப்பிக்கடையில் அவர் எதிரே உட்காருகிறவர்கள் குறைவு.

பிழைப்புக்கு ரப்பர் மரம் சீவுகிறார். பெயர் வாங்கியது பங்கு வைப்பதில். தீபாவளி ஆட்டுக்கறியைக் கூறு போடத் தோட்டத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "என் கையில எதுவும் மிஞ்சாது" என்பார். சமத்துவத்தைப் பற்றி நான் படித்த நூல்களில் இவ்வளவு உறுதியைக் கண்டதில்லை. இவ்வளவு பல் தடத்தையும் கண்டதில்லை.

ரப்பர் விலை விழுந்து பலர் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். ஆனாலும் இந்த ஆண்டு மாரியம்மன் தேருக்கு முன் உடைக்கத் தேங்காய் நிறையவே சேர்ந்தது: இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று. தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளான பத்து லயத்துக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். பிரித்தார். ஒன்று மிஞ்சியது.

"மிஞ்சுனது ஒங்களுக்கா அண்ணே?" என்றார் அடுத்த லயத்து வீரமுத்து. "இத்தன வருசமா கறியிலயும் இப்படித்தானா?"

கூட்டம் சிரித்தது. காளியப்பன் முகம் சுண்டிவிட்டது.

"கடைசி லயம் பாதி காலி. பக்கத்து லயத்தோட சேத்து ஒம்போதா வைக்கிறேன்."

ஒன்று மிஞ்சியது. எட்டாக வைத்தார், ஏழாக வைத்தார், ஆறு, ஐந்து என்று இறங்கினார். கடைசியில் ஆண்களுக்குப் பாதி, பெண்களுக்குப் பாதி என்றும் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு காய் ஓரமாக உட்கார்ந்திருந்தது.

"தேரு வர்றதுக்குள்ள காய் முளைச்சிரும்" என்றார் அவர் மனைவி பேச்சியம்மாள்.

பத்து லயத்தோடு தோட்டத்து ஆஸ்பத்திரியையும் சேர்த்துப் பதினொன்றாக வைத்தார். இரண்டு மிஞ்சின.

"அலமாக்! குட்டி போட்டிருச்சு!" என்று அலறினார் வீரமுத்து.

கூட்டத்தில் நின்ற நான் எடுத்துச் சொன்னேன். இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று என்பது தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண். ஒரு காயை ஒதுக்கிவிட்டால் மீதியைப் பத்துவரை எந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் பிரிக்கலாம்.

"ஒதுக்குறது யாரு சாமி? ஒதுக்குனவன் திருடன்னு ஆயிரும்ல?" என்றார் காளியப்பன். "இல்லாட்டி ரெண்டாயிரத்து ஐநூத்து இருவத்தொரு லயம் கட்டச் சொல்லுங்க."



தேர் மணி கேட்டது. மறுபடியும் பத்துக் குவியலாக வைத்தார். மிஞ்சிய காயைத் தூக்கி எல்லோர் கண் முன்னாலும் கல்லில் ஓங்கி உடைத்தார். சில்லுக்குப் பத்து லயமும் கணக்கில்லாமல் பாய்ந்தது. ஒரே ஒரு சில்லு அவர் காலடியில் வந்து விழுந்தது.

எடுத்தார். இரண்டாகப் பிட்டார். ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். பெரிய துண்டை வாய்க்குக் கொண்டுபோனவர், வீரமுத்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்தினார். எதுவரை கடிக்கலாம் என்று கட்டைவிரல் நகத்தால் அதில் ஒரு கோடு கிழித்து, அவரிடமே நீட்டினார்.