கதவுக்கு வெளியே நின்றவன் சொன்னது

சிவராசாவின் ஆங்கிலம் மஸ்கட்டில் ஒரு களஞ்சியத்தில் மூன்று வருடம் பெட்டி அடுக்கியபோது ஒட்டிக்கொண்டது. மலையாளி மேற்பார்வையாளரும் பாகிஸ்தான் சாரதியும் பேசக் கேட்டுப் பிடித்த ஆங்கிலம். அதற்கே, யுத்தம் முடிந்து சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் பெரிய மதிப்பு இருந்தது. வெள்ளைக்காரர் யாராவது வந்தால் சனம் அவனைத்தான் முன்னால் தள்ளிவிடும். 2010இல் முருங்கனுக்கு உள்ளே இருந்த தங்கள் ஊருக்கு மீளக் குடியேறியபோது வயல் பற்றையாகவும் வீடு அத்திவாரமாகவும் கிடந்தன. அந்த மதிப்பு மட்டும்தான் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. அதை அவன் கவனமாகக் காப்பாற்றினான்.

அடுத்த வீட்டுச் சிவக்கொழுந்துக்கு எழுத்து வேலை எல்லாம் அவன்தான். அவளுடைய ஒரே மகன் யசோதரன் கடைசிச் சண்டையில் மாத்தளனிலிருந்து சனத்தோடு சனமாக நடந்து வரும்போது பிரிந்தவன். பிறகு தகவலே இல்லை. படிவம் வந்தால், கந்தோருக்குக் கடிதம் போட வேண்டுமென்றால், "தம்பி, இதை ஒருக்கா பாரடா" என்று வேலியோரம் வந்து நிற்பாள். அவன் வயல் சேற்றோடு நின்றே எழுதிக் கொடுப்பான்.

2011இல் லெட்சுமணன் ஒரு டிவியும் டிவிடி பிளேயரும் ஜெனரேட்டரும் கொண்டுவந்தான். மலையகத்திலிருந்து வந்து அந்த ஊரிலேயே குடியேறிய குடும்பம் அவனுடையது. ஞாயிறு பின்னேரங்களில் பொதுநோக்கு மண்டபத்தில் படம் போட்டான். ஒரு ஞாயிறு மன்னார் உப்புக்குளத்துக் கடையிலிருந்து உறை மாறிய தட்டு ஒன்று வந்துவிட்டது. வெளியில் எம்.ஜி.ஆர். காலத்துப் படம், உள்ளே ஆங்கிலப் படம். புழுதிக் காடு, குதிரைகள், தொப்பியும் துவக்குமாக ஆட்கள்.

"என்னாங்க, கௌபாய் படமுங்க. நிப்பாட்டிடவா?" என்றான் லெட்சுமணன்.

"ஓடட்டும். நான் சொல்லிக்கொண்டு வாறன்" என்று சிவராசா கதிரையை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அரை மணித்தியாலம் துவக்குச் சூடு. அதற்குப் பிறகு படம் வேறு பாதையில் போயிற்று. பகலில் சுட்டு விழுத்தப்பட்டவர்கள் இருட்டியதும் எழும்பி வந்து சனத்தின் கழுத்தைக் கடித்து இரத்தம் குடித்தார்கள். வீட்டுக்காரர் கதவைத் திறந்து கூப்பிட்டால்தான் அவர்களால் உள்ளே வர முடியும். சிவராசா சளைக்காமல் சொல்லிக்கொண்டே போனான். விளங்கியதைச் சொன்னான், விளங்காததையும் சொன்னான்.

ஓரிடத்தில், செத்துக் குழியில் தாட்ட மகன் தாயின் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே தாய் துவக்கோடு. மகன் மெதுவாக, மூச்சு வாங்கியபடி ஏதோ பேசினான். ஜெனரேட்டர் இரைச்சலில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எல்லோரும் சிவராசாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, நான் சாகேல்லை. என்னைப் பொய்யாத் தாட்டுப்போட்டினம். கதவைத் திறவம்மா எண்டு கெஞ்சுறான்" என்றான்.

தாய் கதவோடு சேர்த்துச் சுட்டாள். மண்டபம் முழுக்க ஒரு மூச்சு எழும்பி அடங்கியது.

படம் முடிந்து வெளியே வேம்பின் கீழ் பிளேன்ரீ குடிக்கும்போது ஆளுக்கொரு அபிப்பிராயம். "ரெண்டு படத்த வெட்டி ஒட்டியிருக்கான்" என்று லெட்சுமணன் அடித்துச் சொன்னான். கமக்காரர் கதிர்காமுவுக்கு வேறு பிரச்சினை. "ஊர் முழுக்கக் குதிரை. ஒரு பரப்பு வயலைக் காணேல்லை. அதுகளுக்கு என்னத்தைப் போடுறாங்கள்?" சிவராசாவின் மனைவி றஞ்சிதத்துக்குத் துவக்குச் சண்டை பிடித்தது, பேய் பிடிக்கவில்லை. தாய் செய்தது சரி, இல்லாவிட்டால் ஊரே அழிந்திருக்கும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள்.

சிவக்கொழுந்து மட்டும் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"சாகேல்லை எண்டு பிள்ளை சொல்லேக்கை எந்தத் தாய் சுடுவாள்? அவன் வேறை ஏதோ சொல்லியிருப்பான். தம்பி, நீ சரியாக் கேட்டனியே?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் லெட்சுமணன் சிரித்தான். இரண்டு பேர் சிவராசாவை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவனுக்கு முகம் சுட்டது.

"அக்கா, செத்தவன் செத்தவன்தான். அந்தத் தாய்க்கு அது விளங்கினது. சில பேருக்குத்தான் எத்தினை வருசம் போனாலும் விளங்காது."

றஞ்சிதம் "இஞ்சாருங்கோ" என்று மட்டும் சொன்னாள். சிவக்கொழுந்து மிச்சத் தேநீரைக் குடித்தாள், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், வீட்டுக்கு நடந்தாள்.

பிறகு அவள் வேலியோரம் வரவில்லை. சண்டை பிடிக்கவும் இல்லை. கிணற்றடியில் கண்டால் "சுகமே?" என்று கேட்பாள். படிவங்கள் வைத்த பைலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மன்னாருக்குப் போனாள். அங்கே ஹமீதா என்றொரு பெண் எழுதிக் கொடுப்பதாக றஞ்சிதம் அறிந்து வந்தாள். "போய் ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்" என்று எத்தனையோ தரம் சொன்னாள். நெல் வெட்டு முடியட்டும், மாரி முடியட்டும் என்று அவன் தள்ளினான். எட்டு வருடம் அப்படியே போயிற்று.

2019இல் மகள் யதுர்சிகா ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். ஒரு மத்தியானம் அவள் போனில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. சிவராசா எட்டிப் பார்த்தான். அதே புழுதி, அதே கதவு.

"அப்பா, நீங்கள் எங்களுக்குக் கதை சொன்ன படம். கீழே எழுத்தும் போகுது."

"அவன் வாசல்லை நிண்டு என்ன சொல்லுறான் எண்டு வாசி பாப்பம்."

அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். "அம்மா, நான் என்ன சொல்லிக் கெஞ்சினாலும் திறக்காதேங்கோ. இப்ப கதைக்கிறதுதான் நான். இன்னும் கொஞ்ச நேரத்திலை நான் நானா இருக்க மாட்டன். அதுக்கு முதல் சுட்டுப்போடுங்கோ."

தாய் மகனின் சொல்லைக் கேட்டுத்தான் சுட்டிருக்கிறாள். சிவக்கொழுந்துக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனாலும் அவள் சொன்னதுதான் சரி. சிவராசா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவன் வேலியைச் சுற்றிப் படலைக் கதவால் போனான். சிவக்கொழுந்து முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். "வாங்கோ, இருங்கோ" என்றாள். தம்பி என்ற சொல் அதில் இல்லை. அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தனக்கு அன்று விளங்கவில்லை என்பதையும், மண்டபத்தில் வெட்கத்துக்குப் பயந்து இட்டுக்கட்டியதையும், மகன் உண்மையில் சொன்னதையும்.

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "எனக்குப் படம் மறந்துபோச்சு. நீங்கள் மரத்துக்குக் கீழை சொன்னதுதான் நினைவிலை நிக்குது."

"அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனான், அக்கா."

அவள் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்து நீட்டினாள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. காணாமல் போனோர் பற்றிய விசாரணைக்கு மகனின் பிறப்புச் சான்றிதழோடு வரச் சொல்லி, நாளும் நேரமும் போட்டிருந்தது. நாள் ஐந்து வருடத்துக்கு முந்தியது.

"உங்களிட்டைக் கொண்டுவர மனம் வரேல்லை" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "ஹமீதா பிள்ளை அப்ப தாய்வீட்டுக்குப் போயிருந்தது. அது வந்து வாசிக்கேக்கை நாள் போயிட்டுது."

அவன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தான். ஐந்து நிமிட வேலை. சேற்றுக் கையோடு நின்று சொல்லியிருக்கலாம்.

"அந்த விசாரணைக்குப் போன ஆருக்கும் ஒண்டும் கிடைக்கேல்லையாம்" என்று றஞ்சிதம் இரவு தேற்றினாள். உண்மைதான். ஆனால் போனவர்கள் தங்கள் பிள்ளைக்காகப் போய்ச் சொல்லிவிட்டாவது வந்தவர்கள். சிவக்கொழுந்து அந்த விசாரணை நாளில் என்ன செய்துகொண்டிருந்தாளோ என்று அவன் யோசித்தான். தானும் அன்று அடுத்த வளவில்தான் இருந்திருப்பான்.

அடுத்த மாதம் மன்னாரில் காணாமல் போன உறவுகளைத் தேடுவோரின் கவனயீர்ப்புப் போராட்டம். ஏழரை பஸ்ஸில் சிவக்கொழுந்து முன் சீற்றில் இருந்தாள். மடியில் மகனின் படம். சிவராசா இரண்டு சீற் பின்னால் இருந்தான். அவள் திரும்பவில்லை. பஸ் நிலையத்தில் மற்றத் தாய்மாரோடு சேர்ந்து நடந்தாள். அவன் கடையொன்றின் ஓரமாக நின்று, அவர்கள் வெயிலில் வரிசையாக இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பக்கத்தில் போய் நிற்கத்தான் வந்தவன், கடையோரத்தை விட்டு நகரவில்லை. பத்து மணி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினான்.